சிக்காத தாளும் சிணுங்கும் பொறியும்

(கணினி மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு)

தாளே இல்லாத இடத்தில் தாள் சிக்கிக்கொண்டது என்று ஓர் இயந்திரம் பிடிவாதம் பிடித்தால் அதனோடு எப்படி வழக்காடுவது? சென்ற பிப்ரவரித் திங்களில் ஒரு பிற்பகல் முழுவதையும் எங்கள் மன்றத்தார் இந்த வழக்கிலேயே கழித்தோம். அன்று கற்றுக்கொண்டதை எம் தோழியருக்காகவும், வீட்டிலும் கடையிலும் இத்தகைய பொறியை வைத்திருக்கும் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

பொதுத்தேர்வு நுழைவுச் சீட்டுகளைத் தேர்வுத்துறையின் இணையதளத்திலிருந்து பள்ளியே இறக்கி, அச்சிட்டு, தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் இட்டு மாணவியருக்கு வழங்க வேண்டும் என்பது முறை. அன்று திங்கட்கிழமை. மறுநாள் காலை பன்னிரண்டாம் வகுப்பு அக்காமாருக்குச் சீட்டு வழங்குவதாக அறிவித்தாயிற்று. அலுவலக லேசர் பிரிண்டர் முப்பது சீட்டுகளை ஒழுங்காக அச்சிட்டது. பிறகு நின்றது. சிவப்பு விளக்கு மின்னியது. கணினித் திரையில் 'பேப்பர் ஜாம்' என்று செய்தி வந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே தாள் இல்லை. மூடினால் மீண்டும் அதே செய்தி. அணைத்துவிட்டுப் போட்டாலும் அதே செய்தி.

எங்கேனும் ஒரு பிரௌசிங் சென்டரில் அச்சிட்டால் என்ன என்று கேட்கலாம். மாணவியரின் புகைப்படமும் பிறந்த தேதியும் அடங்கிய கோப்பை வெளியார் கணினியில் திறக்கத் தலைமைச் சகோதரி இசையவில்லை. அது சரியென்றே எங்களுக்கும் தோன்றியது. தைப்பூசம் முடிந்து நம் ஊர்க் காவடிகள் பழனிக்குப் புறப்பட்டுவிட்ட வாரம் ஆதலால் கடைகளும் பாதி அடைத்திருந்தன. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "பியூசர் செட் போயிருக்கும், மாற்ற வேண்டும்" என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார். பொறியைப் பாராமலே சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும். அவரும் இரண்டு நாள் கழித்தே வர முடியும் என்றார். இந்த நிலையில்தான் எங்கள் கணினி ஆசிரியையும் நாங்கள் அறுவரும் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டோம்.

நடந்ததைச் சொல்லுமுன் பொறியின் உள்ளே தாள் செல்லும் வழியை அறிந்துகொள்வது நல்லது. வழி தெரியாமல் வழிமறிப்பைத் தேடுவது வீண் வேலை.

ஒளியையும் நிலைமின்சாரத்தையும் கொண்டு உலர்ந்த பொடியால் படியெடுக்கும் முறையை அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் செய்து காட்டினார். அவர் முதன்முதலில் படியெடுத்தது அந்தத் தேதியையும் அஸ்டோரியா என்னும் இடத்தின் பெயரையுமே. அம்முறையில் அமைந்த ஜெராக்ஸ் 914 என்னும் படியெடுக்கும் பொறி 1959-இல் வெளிவந்தது. அதில் தாள் சிக்கினால் சூட்டில் தீப்பிடித்துவிடும் என்று பொறியுடன் ஒரு சிறு தீயணைப்புக் கருவியையும் சேர்த்தே கொடுத்தார்களாம்! ஆக, தாள் சிக்குவது இப்பொறிகளுக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம். அதே நிறுவனத்தில் பணிபுரிந்த கேரி ஸ்டார்க்வெதர் என்னும் பொறியாளர் லேசர் ஒளியால் எழுதும் எண்ணத்தை 1969-இல் முயன்று பார்த்து, 1971-இல் இயங்கும் பொறியாக்கினார். மேசைமீது வைக்கத்தக்க ஹெச்.பி. லேசர்ஜெட் 1984-இல் வந்தது. அதன் உள்ளுறுப்பு ஜப்பானின் கேனன் நிறுவனத்தார் செய்தது. நிமிடத்துக்கு 8 பக்கம் அச்சிடும்.

இன்றைய பொறியிலும் அடிப்படை அதுவே. தட்டில் அடுக்கிய தாள்களின் மேல்தாளை ஒரு ரப்பர் உருளை இழுக்கிறது. இரண்டு தாள்கள் சேர்ந்து வராதபடி கீழே ஒரு சிறு ரப்பர் பட்டை தடுக்கிறது. அடுத்துள்ள உருளை இணை, தாளின் முன்விளிம்பைச் சற்றே நிறுத்தி நேராக்கி அனுப்புகிறது. டிரம் என்னும் உருளையில் லேசர் ஒளி எழுதிய உருவத்தில் டோனர் பொடி ஒட்டியிருக்கும். தாள் அதன் அடியில் செல்லும்போது பொடி தாளுக்கு மாறுகிறது. அந்நிலையில் எழுத்து வெறும் தூசிதான். விரல் பட்டால் அழிந்துவிடும். பிறகு பியூசர் என்னும் சூடான உருளைகளுக்கிடையே தாள் அழுத்தப்படும்போது பொடி உருகித் தாளில் பதிகிறது. அதன் பின் வெளியேறும் உருளைகள் தாளை மேல்தட்டில் கொண்டுவந்து போடுகின்றன.

இத்தனையும் மூடிய பெட்டிக்குள் நடக்கிறது. தாள் எங்கே இருக்கிறது என்பது பொறிக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கண்ணில்லை. வழியில் இரண்டு மூன்று இடங்களில் சிறு பிளாஸ்டிக் நெம்புகோல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் அதற்கு 'நாக்கு' என்று பெயரிட்டோம். தாள் வரும்போது நாக்கின் ஒரு முனையைத் தள்ளுகிறது. மறுமுனை ஆங்கில 'யு' எழுத்துப்போன்ற ஒரு சிறு துண்டின் நடுவிலிருந்து விலகுகிறது; சில பொறிகளில் நடுவே வந்து புகுகிறது. அந்தத் துண்டின் ஒரு கையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும், மறுகையில் அவ்வொளியை உணரும் உறுப்பும் உள்ளன. ஒளி வருகிறதா, வரவில்லையா என்ற ஒன்று மட்டுமே பொறியின் மூளைக்குச் செல்லும் செய்தி. தாள் போனபின் ஒரு மெல்லிய சுருள்வில் நாக்கைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

அகச்சிவப்பு ஒளியை வீட்டிலேயே காணலாம். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைபேசியின் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளி திரையில் பெரும்பாலும் தெரியும். தெரியாவிட்டால் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள்.

ஆகவே 'தாள் சிக்கியது' என்று பொறி சொல்லும்போது அது உண்மையில் சொல்வது வேறு. 'ஒளி மறைந்திருக்க வேண்டிய நேரத்தில் மறையவில்லை' என்றோ, 'தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லை' என்றோதான் அது அறியும். தாள் சிக்கியது என்பது அதன் ஊகம். பெரும்பாலும் ஊகம் சரியாக இருக்கும். சில வேளை தவறும்.

காட்டும் விளக்குக்கும் உள்ள நிலைமைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு சிறிதன்று. 1979 மார்ச் 28-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடுமாறு கட்டளை போனதை மட்டும் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. பணியாளர் மூடிவிட்டதென்றே நம்பினர். குளிர்நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் உட்பகுதி ஓரளவு உருகியது. எங்கள் ஆசிரியை இதைச் சொன்னபோது எங்கள் பிரிண்டரின் சிவப்பு விளக்கு சற்று மரியாதைக்குரியதாகத் தோன்றியது.

நேரக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 பக்கம் அச்சிடும் பொறிக்கு ஒரு பக்கத்துக்கு 3 வினாடி. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே 5 செ.மீ. இடைவெளி என்று கொள்வோம். 3 வினாடியில் 34.7 செ.மீ. நகர வேண்டும், அதாவது வினாடிக்குச் சுமார் 11.6 செ.மீ. எனவே ஒரு தாள் ஒரு நாக்கைக் கடக்கச் சுமார் 2.6 வினாடி ஆகும். நாக்கு அதற்குமேல் குறிப்பிடத்தக்க நேரம் சாய்ந்தே இருந்தால் தாள் நின்றுவிட்டது என்று பொறி முடிவுகட்டும். உருளை சுழன்றபின் குறித்த நேரத்துக்குள் நாக்கு சாயாவிட்டாலும் அவ்வாறே.

இதிலிருந்தே ஒரு பொய்ச் சிக்கலின் காரணம் விளங்கிவிடும். நம் அலுவலகங்களில் ஏ4 தாளும் நீண்ட லீகல் தாளும் மாறிமாறி வைக்கப்படுகின்றன. லீகல் தாள் 35.6 செ.மீ. நீளம். அதே வேகத்தில் அது நாக்கைக் கடக்க 3 வினாடிக்கும் சற்று மேலாகும். கணினியில் ஏ4 என்று சொல்லிவிட்டுத் தட்டில் லீகல் தாளை வைத்தால், தாள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே 'சிக்கியது' என்று பொறி நின்றுவிடக்கூடும். பொறியின்மேல் பழி சொல்வதற்குமுன் தட்டைப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு வருவோம். நாங்கள் முதலில் செய்தது தவறு. தாளை இழுக்கும் உருளை தேய்ந்து வழவழப்பாக இருந்ததைக் கண்டு அதுவே குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டோம். ஈரத்துணியால் துடைத்தோம். மாற்றமில்லை. டோனர் பெட்டியை எடுத்து மீண்டும் பொருத்தினோம். மாற்றமில்லை. தாள் ஈரமாகியிருக்குமோ என்று புதிய கட்டுப் பிரித்தோம். (தாளும் ஈரம் குடிக்கும் என்பது உண்மையே. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்து வைத்த தாள் நெளிந்து, இரண்டிரண்டாக வரும். காவிரிக்கரைப் பள்ளிபாளையத்தில் 1960-இல் தொடங்கப்பெற்ற சேஷசாயி காகித ஆலை நமக்கு அருகிலேயே இருந்தும், தாளை உறையோடு வைத்துக் காக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு.) ஆனால் இது மாசி வெயில். புதிய கட்டிலும் மாற்றமில்லை. மணி மூன்றைத் தாண்டியது. அலுவலக அக்கா மேசைமேல் அச்சான முப்பது சீட்டுகளையும் எண்ணுவதும், மீண்டும் எண்ணுவதுமாக இருந்தார்.

அவ்வேளையில் எங்களில் ஒருத்தியின் தந்தையார், மாற்றுச் சான்றிதழ் பற்றிக் கேட்க அலுவலகத்துக்கு வந்தார். விசைத்தறி ஓட்டுபவர். நாங்கள் பொறியைச் சூழ்ந்து நிற்பதைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஏங்க சிஸ்டர், சுச்சு போட்டதும் கத்துதுங்களா, காயிதம் உள்ள போனப்புறம் கத்துதுங்களா?" என்று கேட்டார். போட்டதும்தான் என்றோம். "அப்ப ரோலரு என்ன கண்ணு பண்ணும்? அதுதான் இன்னும் சுத்தவே இல்லியே" என்றார்.

எங்களுக்கு வெட்கமாய்ப் போயிற்று. அவர் மேலும் விளக்கியதை எங்கள் நடையில் தருகிறோம்.

நம் ஊரில் தறிச்சத்தம் கேளாத தெரு அரிது. ஆயினும் தறி எப்படித் தானாக நிற்கிறது என்று நம்மில் எத்தனைபேர் கவனித்திருப்போம்? நாடா ஓடி ஊடை நூலை விட்டுச் செல்லும்போது, ஓரத்தில் முள்கரண்டி போன்ற ஒரு சிறு கம்பி அந்த நூலைத் தொட்டுப் பார்க்கிறது. நூல் இருந்தால் கரண்டியைத் தள்ளும். கரண்டி சாயும், அதன் வால் எழும்பிவிடும், தறி ஓடும். நூல் அறுந்திருந்தால் கரண்டி சாயாது. வாலின் கொக்கியை ஒரு சுத்தி பற்றி இழுத்துத் தறியை நிறுத்திவிடும். ஆனால் நூல் அறுபடாமலே தறி நிற்பதும் உண்டு. ஊடை மிகத் தளர்ந்திருந்தால் கரண்டியைத் தள்ள வலுவிருக்காது. கரண்டியின் அச்சில் பஞ்சு அடைந்திருந்தாலும் அது சாயாது. "நூல் அறுந்துச்சா, இல்ல கரண்டி அறுந்துச்சுன்னு நெனச்சுக்கிச்சான்னு மொதல்ல பாக்கோணும்" என்றார் அவர். முன்னதற்கு நூலை முடிய வேண்டும். பின்னதற்குக் கரண்டியைத் துடைக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நூலைத் தேடிக்கொண்டிருப்பவனுக்குக் கூலி போய்விடும்.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியே இந்தப் பாடத்தின் பாதி. எப்போது கத்துகிறது?

சுவிட்சைப் போட்டவுடன், தாள் எதுவும் நகராத நிலையிலேயே சிக்கல் என்று சொன்னால், ஏதோ ஒரு நாக்கு 'இங்கே தாள் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒன்று உண்மையிலேயே கிழிந்த துண்டு ஒன்று அதன்கீழ் இருக்கும். அல்லது நாக்கு சாய்ந்தபடியே நின்றிருக்கும். அல்லது ஒளித்துண்டின் நடுவே தூசியோ டோனர் பொடியோ அடைத்திருக்கும். இந்நிலையில் தாளையும் இழுக்கும் உருளையையும் சந்தேகிப்பதில் பொருளில்லை.

மோட்டார் சுழன்று, தாள் தட்டைவிட்டு எழாமலோ சற்றே எழும்பி நின்றோ சிக்கல் என்றால், தாள் உரிய நேரத்தில் முதல் நாக்கைச் சேரவில்லை என்று பொருள். தேய்ந்த உருளை, தேய்ந்த ரப்பர் பட்டை, அளவுக்கு மீறி அடுக்கிய தாள், தட்டின் ஓர வழிகாட்டிகள் தாளை இறுக்கிப் பிடித்திருப்பது ஆகியவை இதன் காரணங்கள். உருளையை நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சிழை விடாத துணியால் துடைத்து உலரவிட்டால் சிலகாலம் வேலை செய்யும். பின்பு மாற்றத்தான் வேண்டும்.

தாள் முழுவதும் வெளியே வந்து மேல்தட்டில் விழுந்தபின்பும் சிக்கல் என்று கத்தினால், கடைசி நாக்கு, அதாவது பியூசருக்கு அப்பால் வெளியேறும் வாயில் உள்ளது, திரும்பி வரவில்லை. பின்பக்கக் கதவு சரியாக மூடாவிட்டாலும், இருபக்கமும் அச்சிடும் பொறிகளில் அதற்கான தட்டு சரியாகப் பொருந்தாவிட்டாலும் இவ்வாறு நேர்வதுண்டு.

தாள் பாதியில் நின்றால் அது பொய்யன்று, மெய்ச் சிக்கலே. அதைப் பொறுமையாக எடுக்க வேண்டும். தாள் செல்லும் திசையிலேயே, இரு கைகளாலும், இருபுறமும் சமமாக இழுக்க வேண்டும். கிழிந்துவிட்டால் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். மேசைமேல் பரப்பிப் படப்புதிரைப் போல ஒன்றுசேர்த்துப் பாருங்கள். ஒரு மூலை குறைந்தால் அது உள்ளேதான் இருக்கிறது. இன்றைய மெய்ச் சிக்கலின் காணாமற்போன மூலையே அடுத்த வாரத்துப் பொய்ச் சிக்கல்.

பெரிய பொறிகளின் திரையில் எண் ஒன்றும் தெரியும். ஹெச்.பி. பொறிகள் பலவற்றில் 13 என்று தொடங்கும் எண் தாள் வழியைப் பற்றியது. அதன்பின் வரும் எண்கள் எந்த இடம் என்பதைச் சொல்லும். அதைக் குறித்துக்கொண்டு அந்தந்தப் பொறியின் கையேட்டில் பார்க்க வேண்டும். எங்கள் பொறியில் திரை இல்லை. மூன்று விளக்குகள் மட்டுமே. எனவே 'எப்போது' என்ற கேள்விதான் எங்களுக்குத் திரை.

இப்போது எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டது. சுவிட்சைப் போட்டவுடன் கத்துகிறது. அதற்குமுன் முப்பதாவது சீட்டு முழுமையாக வெளியே வந்து விழுந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடைசி நாக்கு. கணக்கில் விடை வரும்போது உண்டாகும் மகிழ்ச்சி எங்களுக்கு அப்போது உண்டாயிற்று.

ஆனால் கடைசி நாக்கு இருப்பது பியூசரின் அருகே. பியூசர் சுமார் 200 பாகை செல்சியஸ் வரை சூடேறும் உறுப்பு. ஆசிரியை மின்கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, அரைமணி நேரம் கழித்துத்தான் தொடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது என்பதைத் தோழியர் நினைவிற் கொள்க. டோனர் பெட்டியை வெளியே எடுத்துக் கருந்துணியால் மூடிவைத்தோம். டிரம்மின் பச்சையோ நீலமோ ஆன பளபளப்பான பரப்பில் வெளிச்சம் நெடுநேரம் பட்டால் அது கெட்டுவிடும், விரலும் படக்கூடாது. பொடி கையில் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் கூடாது, சூட்டில் உருகி ஒட்டுவதற்கென்றே செய்த பொடி அது. வீட்டுத் தூசி உறிஞ்சியால் டோனரை உறிஞ்சுவதும் ஆகாது. அப்பொடி மிக நுண்ணியதாதலால் வடிகட்டியைக் கடந்து அறையெங்கும் பரவும்.

அந்த அரைமணி நேரம் போல நீண்ட அரைமணி நேரத்தை நாங்கள் அறிந்ததில்லை. அலுவலகச் சகோதரி செபமாலையைக் கையிலெடுத்தார். எங்களில் ஒருத்தி, புனித தோமையார் காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றாரே, அவரைத்தான் இன்று வேண்டிக்கொள்ள வேண்டும் என்றாள். சகோதரி சிரித்துவிட்டார்.

பின்பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளியேறும் உருளைகளுக்குப் பக்கத்தில் கறுப்பாய்ச் சுண்டுவிரல் நகமளவு நீட்டிக்கொண்டிருந்தது நாக்கு. விரலால் மெல்லத் தள்ளிவிட்டோம். நல்ல நாக்கு தள்ளியவுடன் தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். இது திரும்பவில்லை. சாய்ந்தபடியே நின்றது. மேலே தூக்கிவிட்டால் பாதிவழி வந்து மீண்டும் நின்றது. அதன் அச்சில் ஏதோ வெள்ளையாய்ச் சுற்றியிருந்தது. முள்வாங்கியால் பற்றி இழுத்தோம். இழுக்க இழுக்க வந்தது. ஏறக்குறைய நான்கு அங்குல நீளமுள்ள ஒரு பருத்தி நூல்!

நூலைக் கண்டதும் நாங்கள் அறுவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முந்தைய சனிக்கிழமை, தேர்வு வேலை வருகிறதே என்று, அந்தப் பிரிண்டரைத் துடைத்தவர்கள் நாங்களே. துடைக்கக் கொண்டுவந்தது தறிப்பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் கழிவு நூல் பந்து. நம் ஊரில் எளிதில் கிடைப்பது; வீட்டில் எல்லாவற்றையும் அதனால்தானே துடைக்கிறோம்! அதிலிருந்து ஓரிழை பிரிந்து, உருளையில் ஒட்டி, முப்பது தாள்கள் ஓடியதில் நாக்கின் அச்சுவரை சென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆசிரியையிடமும் அலுவலகச் சகோதரியிடமும் அப்போதே ஒப்புக்கொண்டோம். பியூசரைக் குறைசொன்னவருக்கும், தேய்ந்த உருளையைக் குறைசொன்ன எங்களுக்கும் அதிக வேறுபாடில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நாக்கின் அச்சை உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தோம். எண்ணெய் விடலாமா என்று ஒருத்தி கேட்டாள். கூடாது; எண்ணெயில் தூசி ஒட்டி மறுபடியும் அடைக்கும், தாளிலும் கறைபடும். ஒளித்துண்டின் இடைவெளியில் ரப்பர் ஊதியால் இரண்டுமுறை காற்று ஊதினோம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். பிறகு நாக்கைப் பத்துமுறை தள்ளிப் பார்த்தோம். பத்துமுறையும் 'டிக்' என்று துள்ளித் திரும்பியது. டோனர் பெட்டியைப் பொருத்தி, பின்கதவு, முன்மூடி இரண்டையும் 'க்ளிக்' என்று ஒலி கேட்கும்வரை அழுத்தி மூடினோம். மூடியின் பின்னால் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. மூடி திறந்து மூடியதை அதுவே பொறிக்குச் சொல்லும். அதனால்தான் சில வேளைகளில் சிக்கலை நீக்கிய பின்பும் மூடியை ஒருமுறை திறந்து மூடும்வரை சிவப்பு விளக்கு அணைவதில்லை. இதுவும் ஒருவகைப் பொய்ச் சிக்கலே. ஆனால் அரைநிமிட வேலை.

மின்சாரம் கொடுத்தோம். உருளைகள் சுழன்று ஓய்ந்தன. பச்சை விளக்கு எரிந்தது. முதலில் வெறுந்தாளில் சோதனைப் பக்கம் ஒன்று அச்சிட்டோம். அடுத்து முப்பத்தொன்றாவது சீட்டு வெளிவந்தது. அலுவலக அக்கா அதை இரு கைகளாலும் வாங்கி, சூடாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் வைத்தார். மாலை ஐந்தே முக்காலுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுகளும் முடிந்தன. கையொப்பம் இடத் தலைமைச் சகோதரிக்கு இரவு வேலை இருந்தது. தறி ஓட்டும் அந்தத் தந்தையார் தம் வேலை முடிந்ததும் ஐந்து மணி ஷிப்டுக்குப் போய்விட்டார். நூல் கிடைத்ததை அவருக்கு மகள்தான் வீட்டில் சொல்லியிருக்கிறாள். "நம்மூட்டு நூலேதானா?" என்று கேட்டாராம்.

இன்னும் சில செய்திகள். சிலர் நாக்கையே கழற்றிவிட்டால் தொல்லை இல்லை என்பார்கள். ஒளித்துண்டை எப்போதும் 'தாள் இல்லை' என்று சொல்லும்படி டேப் ஒட்டி ஏமாற்றுவோரும் உண்டு. அது ஆகாது. தாள் வந்தது தெரியாததால் பொறி வேலை செய்யாது. அப்படியே செய்தாலும், உண்மையில் தாள் பியூசரில் மாட்டும் நாளில் நிறுத்த ஆளிருக்காது. நாக்கின் சுருள்வில் கழன்றிருந்தாலோ, நாக்கு ஒடிந்திருந்தாலோ, துடைத்த பின்பும் செய்தி மாறாதிருந்தாலோ அங்கே நம் வேலை முடிந்தது. பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டியதே. ஆனால் அவரிடம், 'சுவிட்ச் போட்டவுடன் வருகிறது, உள்ளே துண்டு இல்லை, கடைசி நாக்கு தள்ளினால் திரும்புகிறது' என்று நாம் சொல்ல முடிந்தால், பியூசர் செட்டுக்குப் பணம் கேட்குமுன் அவரும் ஒருமுறை யோசிப்பார். பொறியை நேர்வெயில் விழும் சன்னலருகே வைப்பதைக் கையேடுகள் விலக்குகின்றன. நம் ஊரில் பஞ்சுத்தூசி பறக்கும் சன்னலையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். வேலை இல்லாத நேரத்தில் ஒரு துணி உறை போடுங்கள். அச்சிட்டு முடித்துச் சூடு ஆறியபின் போடுங்கள்.

தேய்ந்த இழுக்கும் உருளையை ஜூன் திங்களில் பள்ளி மாற்றியது. பியூசர் பழையதே, இன்றும் வேலை செய்கிறது. கழிவு நூல் பந்துக்குப் பதிலாக, பழைய வேட்டித் துணியை நான்காய் வெட்டி ஓரம் மடித்துத் தைத்துப் பிரிண்டர் அலமாரியில் வைத்திருக்கிறோம். அந்த நான்கு அங்குல நூலை மன்றத்தின் பதிவேட்டில் தேதியிட்டு ஒட்டியிருக்கிறோம். பார்க்க விரும்புவோர் கணினி ஆய்வகத்தில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.